வெயில் வருவதற்கு முந்தைய அரை மணி நேரம்

காலையில் பூக்களைப் படமெடுப்பது பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் பொன்னிற வெளிச்சத்தில்தான் ஆரம்பிப்பார்கள். அது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் என்னைக் கேட்டால், இருட்டோடு எழுந்து போவதற்கு முதல் காரணம் காற்று அடங்கியிருப்பதுதான்.

இரவில் தரை குளிர்ந்துவிடுகிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, அசையாமல் கீழேயே தங்கிவிடுகிறது. வெயில் ஏறித் தரை சூடானதும் அந்தக் காற்று மேலெழும்பிக் கலங்கத் தொடங்கும். அப்புறம் காம்பு ஆடுவது நிற்காது. வெறும் கண்ணுக்குச் சும்மா நிற்பதாகத் தெரியும் பூ, மிக நெருங்கி எடுப்பதற்கான மேக்ரோ லென்ஸ் வழியாகப் பார்த்தால் படச் சட்டத்தை விட்டே வெளியே போய்ப் போய் வரும். பூவை 1:1 அளவில், அதாவது கேமராவுக்குள் ஒளியை வாங்கும் சென்சாரில் அதன் நிஜ அளவிலேயே விழும்படி எடுக்கும்போது, லென்ஸின் துளையை எஃப் 8 என்று சுருக்கி வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். மகரந்தப் பை துல்லியமாக வந்தால் அதன் பின்னால் இருக்கும் இதழ் மங்கிவிடும். அவ்வளவு கிட்டே போனால் சென்சாருக்கு வரும் வெளிச்சமும் 2 ஸ்டாப் குறைகிறது (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). ஆக, ட்ரைபாடில் வைத்து அரை நொடி, ஒரு நொடி என்று ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டியிருக்கும். காற்று வீசுகிற நேரத்தில் அது நடக்கிற காரியமா?

இந்த நேரத்தில் போகிறவர்களுக்கு இன்னொரு லாபம், தூங்குகிற தேனீக்கள். உடலில் நீலப் பட்டைகள் கொண்ட ஒரு வகைத் தேனீ உண்டு. பெண் தேனீக்கள் தங்கள் கூட்டிலேயே தூங்கும். ஆண்களுக்குக் கூடு கிடையாது. அவை ஏதாவது ஒரு மெல்லிய தண்டைத் தாடையால் கவ்விப் பிடித்துக்கொண்டு, கால்களை மடக்கி, அப்படியே இரவைக் கழிக்கும். ஒரு காட்டுப் பூவின் காய்ந்த காம்பில் இப்படி வரிசையாகத் தொங்கிய கூட்டத்தை முதன்முதலில் பார்த்தபோது செத்துப்போனவை என்றுதான் நினைத்தேன். லென்ஸை நெருக்கிக் கொண்டுபோனால் முதுகு மயிரில் பனித்துளி கோத்திருந்தது. ஒன்றுகூட அசையவில்லை. பூவுக்குப் போட்ட அதே ஒரு நொடி ஷட்டரில் தேனீயும் துல்லியமாக விழுந்தது. கொஞ்சம் வெளிச்சம் வந்ததும் ஒன்றின் உடல் நடுங்க ஆரம்பித்தது. பறக்கும் தசைகளை இயக்கி உடம்பைச் சூடேற்றிக் கொள்கிறது. நடுக்கம் தொடங்கிவிட்டால் சீக்கிரமே கிளம்பிவிடும், அதற்குள் எடுத்துவிட வேண்டும். தண்டைத் தொட்டுத் திருப்பி வைத்துக்கொள்ளும் ஆசை மட்டும் வேண்டாம். நாம் இடம் மாறினால் போதும்.

சரி, வெளிச்சத்துக்கு வருவோம். சூரியன் தலைகாட்டும் முன் வானம் முழுவதும் ஒரே விளக்காக வேலை செய்கிறது. நிழல் விழாது. மல்லிகை மாதிரி வெள்ளைப் பூவின் இதழில் ஓடும் மெல்லிய நரம்புகள் இந்த வெளிச்சத்தில்தான் தெரியும், நேர் வெயிலில் எல்லாம் வெளுத்துப்போகும். கேமராவை அதன் போக்கில் விட்டால் வெள்ளையைச் சாம்பல் நிறமாக்கிவிடும் என்பதால், வெள்ளைப் பூவுக்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, 1 ஸ்டாப் வரை கூட்டி வைப்பேன். வெளிச்சத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடுவதில்லை. ஆட்டோ விடியலின் மெல்லிய நீலத்தையும், பின்னால் வரும் பொன்னிறத்தையும் பெரும்பாலும் திருத்தி அழித்துவிடுகிறது. பகல் வெளிச்சத்துக்கான 5500 கெல்வினில் நிறுத்திவிட்டால் காலை காலையாகவே இருக்கும்.

வெயில் பூவைத் தொட்டதும் நான் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். சூரியன் பூவுக்குப் பின்னால் இருக்க வேண்டும். மெல்லிய இதழ்கள் உள்ளிருந்தே எரிகிற மாதிரி ஒளிர்வதற்கு இந்தச் சாய்ந்த கதிர் தேவை. சிவப்புப் பூவில் மட்டும் எச்சரிக்கை. படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் மொத்தத்தில் சரியாகக் காட்டினாலும், அதில் சிவப்பு நிறத்துக்கான சேனல் தனியே நிரம்பி வழிந்திருக்கும், இதழின் மடிப்பு எதுவும் மிஞ்சாது. சேனல் வாரியாகப் பார்த்துக் கொஞ்சம் குறைத்து எடுப்பது நல்லது.

பனித்துளி என்று நாம் எடுப்பதில் பாதி பனியே இல்லை. இலை முழுக்கப் பொடிப்பொடியாகப் படர்ந்திருந்தால் அது பனி. இலை விளிம்பிலும் புல்லின் நுனியிலும் இடைவெளி விட்டுக் கொழுத்த துளிகளாக நின்றால், அது வேர் உறிஞ்சிய நீர் இலை வழியே வடிந்தது. படத்துக்கு இரண்டாவதுதான் வசதி, ஏனென்றால் பின்னால் இருக்கும் பூ அந்தத் துளிக்குள் தலைகீழாகத் தெரியும். அதை எடுக்கும்போது துளியின் விளிம்பில் ஃபோகஸ் வைத்தால் உள்ளே பூ மங்கலாகத்தான் வரும். பிம்பம் விழுவது துளிக்குக் கொஞ்சம் முன்னால், கேமரா பக்கமாக. ட்ரைபாடை ஒரு நூலளவு பின்னால் இழுத்தால் போதும், பூ பளிச்சென்று வந்துவிடும். துளி இல்லாத நாளில் தெளிப்பானால் தண்ணீர் அடிப்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. இயற்கையில் நிற்காத இடங்களிலெல்லாம் துளி ஒட்டிக்கொண்டு படத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

போனில் எடுப்பவர்கள் பூவின் மேல் ஏறி நிற்க வேண்டாம். அரை முழம் தள்ளி நின்று, தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் டெலி லென்ஸ் இருந்தால் அதில் எடுங்கள். போனின் நிழலும் விழாது, இதழும் தன் வடிவத்தில் இருக்கும்.

அப்புறம், எந்தப் பூ எப்போது என்பதைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள். இரவில் மலரும் வெள்ளை அல்லி காலை வெயில் ஏறினால் கூம்பத் தொடங்கிவிடும், அதை முதலில் முடிக்க வேண்டும். பூசணிப் பூவும் அப்படித்தான், முற்பகலிலேயே சுருங்கிவிடும். தாமரைக்கு அவசரமில்லை, விடிந்த பிறகு நிதானமாகத்தான் விரியும். தாமரைப் பூ தானே வெப்பம் உண்டாக்கிக்கொள்ளும், சுற்றிலும் 10 டிகிரி குளிர் இருந்தாலும் உள்ளே 30 டிகிரிக்கு மேல் வைத்துக்கொள்ளும். அந்தச் சூட்டுக்காகவே வண்டுகள் உள்ளே புகுந்து கிடக்கும். எனவே தாமரை விரியும்போது நடுவில் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள், மகரந்தம் அப்பிய உடம்போடு ஏதாவது ஒன்று வெளியே வர வாய்ப்பு அதிகம்.