எதிர்பார்த்தது [], வந்தது [], டெஸ்ட் மட்டும் ஃபெயில்: உங்களுக்கும் நடந்ததா?

போரூர் பூச்சிபிடி:
கோ (Go) புரோகிராமிங் லாங்குவேஜ். டெஸ்ட் காட்டுற ரெண்டு வரியும் அச்சு அசல் ஒண்ணு, ஆனா ரெண்டு மதிப்பும் சமமான்னு பாக்குற ரிஃப்ளெக்ட்.டீப்ஈக்வல் ஒத்துக்க மாட்டேங்குது. ஒரு பக்கம் நில் ஸ்லைஸ் (இன்னும் உருவாக்காத பட்டியல்), மறுபக்கம் மேக் போட்டு உருவாக்கின காலி ஸ்லைஸ். அச்சடிக்கப் போடுற %வி குறி ரெண்டுக்குமே [] தான் காட்டும். %#வி-ன்னு மாத்தினதும் ஒண்ணு []ஸ்ட்ரிங்(நில்), இன்னொண்ணு []ஸ்ட்ரிங்{}. அந்த ஒரு # குறிக்காக ஒரு சாயங்காலமே போச்சு.

தரமணி:
இங்க அடி வாங்கினது ஆப். பஸ் நேரம் தர்ற ஏபிஐ. ராத்திரி சைதாப்பேட்டையில பஸ் இல்லாத நேரத்துல மட்டும் ஆப் படுத்துடும். சர்வர் லாக்ல சமத்தா []. ஆனா ஆப்புக்கு ஜேசன்ல (டேட்டா அனுப்புற வடிவம்) போனதோ நல் (null). டேட்டாபேஸ்ல வரி கிடைச்சாதான் அப்பெண்ட் (பட்டியல்ல சேர்க்கிறது). ஒண்ணும் கிடைக்கலைன்னா வேரியபிள் கடைசிவரை நில்லாவே நிக்கும். பூச்சிபிடி சார், %#வி-யும் முழுசா கைகொடுக்காது. ஸ்ட்ரக்ட்டுக்குள்ள (பல மதிப்பைச் சேர்த்த தொகுப்பு) பாயிண்டர் (மதிப்பு இருக்கிற இடத்தைக் காட்டுறது) இருந்தா வெறும் மெமரி அட்ரஸ்தான் வரும். வெளிய போறது எதுவோ அதையே, ஜேசனாவே, லாக் பண்ணுங்க.

சிறுசேரி:
ஜாவாவுக்கு வாங்க. லிஸ்ட் நல்லுன்னா 'நல்'லுன்னே அச்சாகும். சண்டையே இல்லை.

மடிப்பாக்கம்:
அப்படியா? காலி ஸ்ட்ரிங் (எழுத்தே இல்லாத டெக்ஸ்ட்) ஒண்ணே ஒண்ணு உள்ள இருக்கிற லிஸ்டை அச்சடிச்சுப் பாருங்க சிறுசேரி. அதுவும் []. கோ-லயும் அதே கதை: காலி ஸ்ட்ரிங்கை ஸ்ட்ரிங்ஸ்.ஸ்பிளிட்ல கமா குடுத்துப் பிரிச்சா நீளம் 0 இல்லை, 1. ஆக ஒரே []-க்கு மூணு அர்த்தம். ஸ்ட்ரிங்கை மேற்கோள் குறியோட காட்டுற %க்யூ போட்டா [""] மாட்டும், ஆனா நில்லையும் காலியையும் அது பிரிக்காது. அதனால லென் (நீளம்), '== நில்', %க்யூ மூணையும் ஒரே வரியில லாக் பண்ணுங்க. கேக்காமலே இன்னொண்ணும் சொல்றேன்: நிரலோட லாஜிக்ல நில்லான்னு கேக்காதீங்க, லென் 0-வான்னு கேளுங்க. ஜேசனா வெளிய போற இடத்துல மட்டும் நில்லைக் காலி ஸ்லைஸா மாத்துங்க. காலியா இருக்கிறதை ஜேசன்ல விட்டுடுற ஆம்னிஎம்ப்டி போட்டுத் தப்பிக்க நினைச்சா ரெண்டுமே காணாம போயிடும். மேப்புக்கும் (சாவி-மதிப்பு ஜோடிகள்) இதே புத்தி, map[] மாதிரியே ரெண்டும் அச்சாகும். ஆனா நில் மேப்ல எழுதினா பேனிக், நிரல் விழுந்துடும். நில் ஸ்லைஸ்ல அப்பெண்ட் பண்ணினா ஒண்ணும் ஆகாது.

தரமணி:
2025-ல வந்த கோ 1.25-ல சோதனைக்கு விட்ட ஜேசன் வி2, நில் ஸ்லைஸை []-ன்னே அனுப்புது. லாக்ல குழப்பம் அப்படியேதான் இருக்கு.