பழைய வெள்ளி யாத் வாங்கலாமா?

பழம்பொருள்_பிரியன்:
இணைய ஏலம் ஒன்றில் ஒரு சாண் நீள வெள்ளிக் கோல் வந்திருக்கிறது. நுனியில் ஆள்காட்டி விரலை நீட்டிய குட்டிக் கை, மறுமுனையில் சங்கிலி. யூதர்கள் தங்கள் வேதமான தோராவை வாசிக்கும்போது வரியைச் சுட்டும் கோலான யாத், ரஷ்யா, 19ஆம் நூற்றாண்டு என்று போட்டு, '84' முத்திரையையும் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். எதைப் பார்த்து நம்புவது? அப்புறம், விரலை வைத்தே படித்தால் என்ன?

செல்வி_கா:
விரல் படக் கூடாது என்பதுதான் விஷயமே. தோரா சுருள் பதப்படுத்திய தோலில் கையால் எழுதுவது, மை உள்ளே ஊறாமல் மேலேயே படிந்து நிற்கும், வியர்வை பட்டுப் பட்டு எழுத்து உதிர்ந்துவிடும். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளில் ஒன்று சிதைந்தால்கூட, திருத்தும் வரை அதைச் சபையில் வாசிக்க எடுக்க மாட்டார்கள். உயிர்க்குறியும் நிறுத்தக்குறியும் இல்லாத எழுத்து என்பதால் இடம் தவறாமல் வாசிக்கவும் கோல் உதவும். வாசித்து முடித்ததும் சுருளுக்குத் துணி உறை போட்டு, அந்தச் சங்கிலியால் மேலே மாட்டிவிடுவார்கள்.

ராகவன்_மதுரை:
தம்பி, 84 என்றால் 96 பங்கில் 84 பங்கு வெள்ளி, அதாவது 87.5 சதவீதம். ஆனால் முத்திரையை மட்டும் நம்பி இறங்காதீர்கள். இந்த வகைப் பொருளுக்குக் கிராக்கி அதிகம், பொய் முத்திரை குத்தியவை சந்தையில் நிறைய. கைபடும் இடத்தில் தேய்மானம் இருக்கிறதா, சங்கிலி வளையம் உள்பக்கம் அரைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். எபிரேய எழுத்து பொறித்திருந்தால் இன்னும் நல்லது, கொடுத்தவர் பெயரும் ஆண்டும் பெரும்பாலும் அதில் இருக்கும். எபிரேய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு, அதனால் யூத ஆண்டை எழுத்துகளாலேயே, ஆயிரத்தை விட்டுவிட்டு எழுதுவார்கள். அந்த மதிப்புகளைக் கூட்டினால் 636 வருகிறது என்றால் அதோடு 1240 சேருங்கள், 1876. யூத ஆண்டு இலையுதிர் காலத்தில் பிறப்பதால் 1875 கடைசியாகவும் இருக்கலாம். முத்திரையின் காலத்தோடு இது ஒத்துப்போக வேண்டும்.

செல்வி_கா:
அசல்தான் என்று தெரிந்தாலும் அது யாருடையது என்று கேட்காமல் வாங்காதீர்கள். நாஜி ஆட்சியில் ஐரோப்பா முழுக்க யூத ஜெப ஆலயங்கள் சூறையாடப்பட்டன. இன்றைய செக் நாட்டின் போஹீமியா, மொராவியா பகுதி ஊர்களின் சடங்குப் பொருட்கள் 1942 முதல் ப்ராக் யூத அருங்காட்சியகத்தில் வந்து குவிந்தன, அவற்றை வைத்துத் தொழுதவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். போருக்குப் பிறகு, உரிமை கோர ஆளில்லாதவற்றைத் தேடிப் பிரித்துக் கொடுக்கவே ஓர் அமைப்பு இயங்கியது, சிந்தனையாளர் ஹன்னா ஆரென்ட் அதில் செயலாளராக இருந்தார். 1933 முதல் 1945 வரை இது யார் கையில் இருந்தது என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். ஒரு சபை தன் கையால் கொடுத்து, தன் கையால் தொட்ட பொருள் இது.

பழம்பொருள்_பிரியன்:
நன்றி அக்கா, ராகவன் சார். கைப்பிடியில் ஏதோ பொறித்திருக்கிறது, படத்தில் தெளிவாக இல்லை. பெரிய படமும் பழைய உரிமையாளர் விவரமும் கேட்டு எழுதியிருக்கிறேன், வந்ததும் இங்கே போடுகிறேன்.