ஏரி களிமண்ணுல அச்சு எடுத்தேன், காஸ்டிங் (வார்ப்பு) பூரா பொத்தல், அவசரம்ணா

காவேரிப்பட்டணத்தான்:
அண்ணா யாராச்சும் சொல்லுங்க. அச்சு மணல ஒட்ட வைக்கற பெண்டோனைட் களிப்பொடி தீந்து போச்சு, ஆர்டர் போட்டா ஒரு வாரம்ங்கறாங்க, சரின்னு எங்க ஊர் ஏரில களி எடுத்து காய வச்சு இடிச்சு மணல்ல கலந்தேன், அச்சு கும்முனு நின்னுச்சு, பேட்டர்ன (மாதிரி உருவ) வெளிய எடுத்தப்ப ஓரம்கூட உதிரல, ஆனா மெட்டல ஊத்தி அச்ச உடைச்சு பாத்தா பூரா பொத்தல். நாளன்னைக்கு டெலிவரி.

ஓசூர்_லேத்:
என்ன மெட்டல்? களி எவ்ளோ, தண்ணி எவ்ளோ? எதுவுமே சொல்லலியே.

தருமபுரி மாமா:
சந்தேகமே வேணாம், சுண்ணாம்புக்கல். நம்ம பக்கத்து மண்ணுல கலந்திருக்கும், சூடு பட்டா வாயு கக்கும். எலுமிச்சம்பழம் பிழிஞ்சு பாரு, நுரைச்சா அதான்.

பாலக்கோடு பட்டறை:
மணல் எது? எம்-சாண்டா? அந்த தூசி வேற காத்து போற வழிய அடைக்கும்.

காவேரிப்பட்டணத்தான்:
அலுமினியம்ணா. எம்-சாண்ட்தான், ஆத்து மணலுக்கு எங்க போறது. பத்து சட்டிக்கு ரெண்டு சட்டி களி. தண்ணி ஒரு கை அளவா.

பழைய மோல்டர்:
கை அளவா? தம்பி இது சாம்பார் இல்ல. நல்ல பெண்டோனைட்னா 6-8 சதவீதம் போதும், தண்ணி 3-4. ஏரி களி அவ்ளோ ஒட்டாது, அதனால அள்ளிக் கொட்டற, கொட்டக் கொட்ட தண்ணியும் ஏறுது. உருகின அலுமினியம் அந்த ஈரத்துலருந்து ஹைட்ரஜன இழுத்துக்கும், இறுகும்போது விட்டுடும், அதான் ஊசிப் பொத்தல். பெருசா உள்ள வழவழன்னு இருந்தா நீராவி. மாமா, சுண்ணாம்புக்கல் பிரிய 800 டிகிரிக்கு மேல வேணும், இவன் ஊத்தறது 700 சொச்சம். அடிப்படைய படிச்சிட்டு வாங்க.

தருமபுரி மாமா:
சுவாமிமலைல காவிரி வண்டல்லதான் சாமி சிலையே ஊத்தறாங்க, அவங்க என்ன மூட்டை மூட்டையா பெண்டோனைட்டா வாங்கறாங்க?

பாலக்கோடு பட்டறை:
அது மெழுகு அச்சு மாமா, சுட்டு மெழுக உருக்கி வெளிய விட்டுட்டுதான் ஊத்துவாங்க, ஈரமே இருக்காது. இது பச்சை மணல், சுடாம ஈரத்தோடயே ஊத்தறது.

தருமபுரி மாமா:
நானும் அதத்தான சொல்றேன், காய வைக்கச் சொல்லு.

ஓசூர்_லேத்:
நீங்க சுண்ணாம்புன்னுல்ல சொன்னீங்க 😄 தம்பி, களிய தண்ணில கரைச்சு துணில வடிகட்டி வேர், குப்பைய எடு, அதுவும் வெந்து புகைஞ்சு வாயு விடும். மணல ஒரு பிடி பிடிச்சு ரெண்டா உடை, ஓரம் நறுக்குனு நிக்கணும், கைல ஒட்டினா தண்ணி ஜாஸ்தி. ஈர அச்சுல ஊத்தி மூஞ்சில தெறிக்க விட்டுக்காத.

காவேரிப்பட்டணத்தான்:
தண்ணிய குறைச்சு, மேல ப்ளோ லேம்ப் காட்டி காய வச்சு ஊத்துனேன். பெரிய பொத்தல் போச்சு, ஊசி ஊசியா கொஞ்சம் இருக்கு. டெலிவரிக்கு கிளம்பறேன், தேங்க்ஸ்ணா.

பழைய மோல்டர்:
பொத்தலோடயா?

தருமபுரி மாமா:
எலுமிச்சம்பழம் பிழிஞ்சியா இல்லியா?