ஆட்டம் வல்லத்தில், கோயில் ஊருக்குள்

குழு: நம் வீட்டார்
புதன்கிழமை இரவு

அம்மா: எல்லோருக்கும் ஒரு செய்தி. சனிக்கிழமை யாழினிக்குத் தஞ்சாவூரில் ரக்பி ஆட்டம். வல்லம் பக்கம் ஒரு கல்லூரி மைதானமாம். நானும் அவள் அப்பாவும் வெள்ளிக்கிழமையே கிளம்பி வருகிறோம். ஞாயிறு இரவுக்குள் ஈரோடு திரும்ப வேண்டும். தம்பி, அதற்குள் ஊரையும் பார்க்க முடியுமா? அவளோடு ஆடும் பிள்ளைகளின் பெற்றோரும் என்னைத்தான் கேட்கிறார்கள்.

சித்தி: அக்கா, வாங்க வாங்க. உங்கள் இருவருக்கும் சாப்பாடும் படுக்கையும் நம் வீட்டில்தான். ரூம் பேச்சே எடுக்கக் கூடாது.

குடந்தை மாமா: தங்கச்சி, நான் திட்டம் போட்டுவிட்டேன். வெள்ளி மதியம் இறங்கியதும் பெரிய கோயில், அரண்மனை, திருவையாறு. சனிக்கிழமை இரண்டு ஆட்டத்துக்கு நடுவில் நிறைய நேரம் இருக்கும். வண்டி அனுப்புகிறேன், கும்பகோணம் வந்துவிடுங்கள். தாராசுரம், சுவாமிமலை பார்த்து, நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு மாலை ஆட்டத்துக்குத் திரும்பிவிடலாம்.

சித்தப்பா: மச்சான், சனிக்கிழமை மட்டும் வேண்டாம். வல்லத்திலிருந்து தஞ்சாவூரைத் தாண்டி உங்கள் ஊர் வரச் சுமார் 50 கிலோமீட்டர். இப்போது சம்பா அறுவடை வேறு. வழியெல்லாம் அறுவடை இயந்திரமும் நெல் லாரியும். பல இடங்களில் பாதிச் சாலையில் நெல் காய்கிறது. போய்வருவதற்குள் பிள்ளை ஆடி முடித்துவிடுவாள்.

யாழினி: சித்தப்பா சொல்வதுதான் சரி மாமா. எங்களுக்கு செவன்ஸ். அணிக்கு 7 பேர், பாதிக்கு 7 நிமிடம், நடுவில் 2 நிமிடம் இடைவேளை. ஆட்டமே கால் மணி நேரம்தான். ஒரே நாளில் பல ஆட்டம் இருக்கும். அடுத்தது எப்போது என்பது முன்பின் ஆகும். டீ குடிக்கப் போனவர்கள் திரும்பி வருவதற்குள் முடிந்த ஆட்டங்கள் உண்டு.

அம்மா: கால் மணி நேரத்துக்காகவா இவ்வளவு தூரம்!

யாழினி: அந்தக் கால் மணி நேரம் முழுக்க ஓட்டம் அம்மா. மைதானம், வழக்கமான ரக்பியில் அணிக்கு 15 பேர் ஆடும் அதே மைதானம்.

அப்பா: எங்களுக்கு விதியும் தெரியாது. எதற்குக் கைதட்டுவது என்று சொல்லிவிடு.

யாழினி: பந்தைக் கையால் முன்னால் வீசக் கூடாது, பின்னால்தான் கொடுக்க வேண்டும். பந்தோடு ஓடி எதிரணிக் கோட்டைத் தாண்டித் தரையில் பந்தை அழுத்தினால் ட்ரை, 5 புள்ளி. அதன்பிறகு கம்பத்துக்கு நடுவில் உதைத்து அனுப்பினால் இன்னும் 2. இவ்வளவு தெரிந்தால் போதும் அப்பா.

அம்மா: அடிபடாதா கண்ணு?

யாழினி: தோளுக்கு மேலே பிடிக்கக் கூடாது அம்மா. மீறினால் தண்டனை, மஞ்சள் அட்டை காட்டினால் 2 நிமிடம் வெளியே. பல்லுக்கு மவுத் கார்டு போட்டுக்கொள்வேன். நீங்கள் கோட்டுக்கு வெளியே நின்று என் பெயரைச் சொல்லிக் கத்தினால் போதும்.

சித்தப்பா: அண்ணி, நான் ஒன்றுதான் சொல்வேன். சனிக்கிழமை பகல் முழுக்கப் பிள்ளையோடு இருங்கள். ஊர் பார்ப்பதை அதற்கு முன்னும் பின்னும் வைத்துக்கொள்ளலாம். பெரிய கோயிலை வெள்ளிக்கிழமை நீங்கள் இருவர் மட்டும் பார்க்காதீர்கள். சனிக்கிழமை மாலை அவளையும் கூட்டிக்கொண்டு போவோம்.

அம்மா: வெள்ளி மாலை அவளை வரச்சொல்லி எல்லோரும் சேர்ந்து போகலாம் என்று நினைத்தேனே.

யாழினி: வெள்ளிக்கிழமை முடியாது அம்மா. அணியோடு விடுதியில்தான் தங்க வேண்டும். பயிற்சியாளர் எட்டரைக்கே படுக்கச் சொல்லிவிடுவார்.

அண்ணன்: நான் பெங்களூரிலிருந்து சனி அதிகாலை நேராக மைதானத்துக்கு வந்துவிடுகிறேன். அங்கே போக எப்படி?

சித்தப்பா: புதிய பேருந்து நிலையத்தில் இறங்கு. அது திருச்சி சாலையிலேயே இருக்கிறது, வல்லம் அந்தப் பக்கம்தான். ஊருக்குள் பழைய பேருந்து நிலையம் வரை வந்தால் வீணாகத் திரும்பிப் போக வேண்டும். அண்ணி, மற்ற பெற்றோரிடமும் இதைச் சொல்லுங்கள். ஆட்டம்தான் முக்கியம் என்பவர்கள் புதிய பேருந்து நிலையம் பக்கம் ரூம் போடட்டும். காலையில் நடந்தே கோயிலுக்குப் போக ஆசைப்படுபவர்களுக்கு ரயில் நிலையம் பக்கம் வசதி. எதுவானாலும் இன்று இரவே போட்டுவிட வேண்டும். தை மாதம், முகூர்த்த நாளில் கல்யாண வீட்டார் லாட்ஜை மொத்தமாக எடுத்துவிடுவார்கள்.

அப்பா: நாங்கள் ஜன் சதாப்தியில் வருகிறோம். கோவையிலிருந்து மயிலாடுதுறை போகும் வண்டி. காலையில் ஈரோட்டில் ஏறினால் மதியவாக்கில் தஞ்சாவூர்.

சித்தப்பா: நல்ல வண்டி அண்ணா. வீட்டில் சாப்பிட்டுவிட்டு நேரே அரண்மனைக்குப் போவோம். மதியத்தில் கோயில் நடை சாத்தியிருக்கும், மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். வெயிலில் அந்தக் கல் தரையில் வெறுங்காலோடு நிற்கவும் முடியாது. வெளியூர்க்காரர்கள் பலர் நேரம் தெரியாமல் உச்சி வெயிலில் வந்து கால் சுட்டுக்கொண்டு ஓடுவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். மதியம் என்றால் கூரை உள்ள இடம், அரண்மனைதான்.

அம்மா: அரண்மனையில் என்ன பார்ப்பது தம்பி?

சித்தப்பா: கலைக்கூடத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகள். அவசரப்படாமல் ஒவ்வொன்றின் முன்னாலும் நில்லுங்கள். அடுத்தது சரஸ்வதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடம், ஓலைச்சுவடிகளைப் பார்க்கலாம். இரண்டாம் சரபோஜி 1798 முதல் 1832 வரை ஆண்டவர். கண் நோயாளிகளின் கண்ணைப் படமாக வரையவைத்து, என்ன வைத்தியம் செய்தார்கள் என்றும் எழுதிவைத்தவர். அந்தப் படங்கள் இந்த நூலகத்தில் இருக்கின்றன. அண்ணி, மருத்துவமனையில் வேலை பார்க்கும் உங்களுக்கு அது நிச்சயம் பிடிக்கும். அரண்மனையில் ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடும் உண்டு.

சித்தி: மாலை புன்னைநல்லூர். யாழினி ஆடப்போகிறாள் என்று கேட்டதிலிருந்து அப்பாயி மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டு வருவோம் அக்கா.

அம்மா: கட்டாயம். திருவையாறு?

சித்தி: அது இந்த முறை வேண்டாம் அக்கா. அந்த ஊர் அசோகா அல்வா வேண்டுமென்றால் நான் வாங்கி வைக்கிறேன்.

யாழினி: சித்தி, ஆட்டம் முடிந்த பிறகுதான் எனக்கு அசோகா. நெய்யும் பாசிப்பருப்புமாக அதைத் தின்றுவிட்டு ஓட முடியாது. காலைக்கு இட்லி, வாழைப்பழம் இருந்தால் போதும்.

சித்தி: மாற்று ஆட்டக்காரர்களோடு அணியில் 12 பேருக்கும் சேர்த்து இட்லி கட்டித் தருகிறேன். உன் பயிற்சியாளரிடம் கேட்டுச் சொல்.

சித்தப்பா: பெரிய கோயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை ஐந்தரைக்குள் போய்விட வேண்டும். கேரளாந்தகன் வாசல், இராசராசன் வாசல் இரண்டையும் கடந்து உள்ளே நுழைந்தால் நந்தி, அதற்குப் பின்னால் விமானம். இராசராச சோழன் 1010-இல் முடித்த வேலை, உயரம் சுமார் 216 அடி. நிழல் தரையில் விழாது என்று யாராவது கதை சொன்னால் நம்பாதீர்கள், நன்றாகவே விழும். எல்லோரும் அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்கள் சுவரின் அடிப்பகுதியையும் பாருங்கள். முழுக்க எழுத்து.

அப்பா: கல்வெட்டா?

சித்தப்பா: ஆமாம் அண்ணா. தான் கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது, தன் பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறார் இராசராசன். தனக்கு அடுத்தபடியாக அக்காவைச் சொல்கிறார் பாருங்கள். கோயிலில் ஆடுவதற்காகப் பல ஊர்களிலிருந்து வந்த 400 பெண்களின் பெயர், சொந்த ஊர், எந்தத் தெருவின் எந்தச் சிறகில், அதாவது வரிசையில், எத்தனையாவது வீடு என்பது வரை இருக்கிறது. ஒருவர் பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல், கலம் என்பது அந்தக் கால அளவு. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஊர்விட்டு ஊர் வந்த பெண்களின் பெயர் அழியாமல் நிற்கிறது. யாழினியும் அவள் தோழிகளும் இதைப் பார்க்காமல் போகக் கூடாது. அதற்காகத்தான் வெள்ளிக்கிழமை வேண்டாம் என்றேன்.

யாழினி: சித்தப்பா, அணி முழுவதையும் கூட்டிவரலாமா? கல்லூரிப் பேருந்து இருக்கிறது. நாங்கள் இறுதி ஆட்டம் வரை போனாலும் ஐந்து மணிக்குள் முடிந்துவிடும்.

சித்தப்பா: கூட்டிக்கொண்டு வாம்மா. நானே சுற்றிக் காட்டுகிறேன். மேல்தளத்து நடனக் கரணச் சிற்பங்களையும் கருவறையைச் சுற்றியுள்ள சோழர் ஓவியத்தையும் பார்க்க விடமாட்டார்கள், அதை மட்டும் முன்பே சொல்லிவிடு. எல்லோரும் உடை மாற்றிக்கொண்டு வாருங்கள், ஆட்ட உடையோடு சன்னதிக்குள் வேண்டாம்.

குடந்தை மாமா: அப்போது என் ஊர்? தாராசுரம் பார்க்காமல் போவதா? அந்தத் தேர் மண்டபத்தின் குதிரையும் சக்கரமும் போல வேறு எங்கே இருக்கிறது? யானைக்கும் காளைக்கும் ஒரே தலையாகச் செதுக்கிய சிற்பம் ஒன்று போதும், அதன்முன் அரை மணி நேரம் நிற்கலாம். பெரிய கோயிலைப் பார்த்தவர்கள் சோழரின் பலத்தைப் பார்த்தார்கள், நுணுக்கத்தைப் பார்க்க இங்கேதான் வர வேண்டும் மாப்பிள்ளை.

சித்தப்பா: அதில் எனக்கு மறுப்பே இல்லை மச்சான். ஞாயிற்றுக்கிழமை உங்களுடையது. ஜன் சதாப்தி திரும்பும்போது கும்பகோணத்தில் நின்றுதான் தஞ்சாவூர் வருகிறது. அண்ணா, திரும்பும் டிக்கெட்டைத் தஞ்சாவூரிலிருந்து போடாதீர்கள், கும்பகோணத்திலிருந்தே போடுங்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு மூட்டை முடிச்சோடு கிளம்பினால் உச்சிக்கு நடை சாத்துவதற்குள் தாராசுரத்தை நிதானமாகப் பார்த்துவிடலாம். அங்கிருந்து மச்சான் வீட்டில் சாப்பாடு, பிற்பகல் ரயில்.

குடந்தை மாமா: இது சரி! சாப்பாட்டுக்கு முன்னால் நேரம் இருந்தால் சுவாமிமலையில் சிலை வார்க்கும் பட்டறை ஒன்றுக்குக் கூட்டிப்போகிறேன். மெழுகில் உரு செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை ஊற்றுவார்கள். வெள்ளிக்கிழமை அரண்மனையில் பார்த்த சிலை எப்படிப் பிறந்தது என்று யாழினிக்குப் புரியும்.

சித்தப்பா: அரண்மனைக்கு அவள் வரவில்லையே மச்சான், வெள்ளிக்கிழமை அண்ணனும் அண்ணியும் மட்டும்தான்.

குடந்தை மாமா: சரி, அவளுக்கு முதலில் பட்டறை. சிலையை அடுத்த முறை வந்து பார்க்கட்டும்.

அண்ணன்: காலையில் டிகிரி காபியும், இட்லிக்குத் தொட்டுக்கொள்ளக் கடப்பாவும் உண்டா மாமா?

குடந்தை மாமா: உன் அத்தை கடப்பா வைப்பாள். வேறு எங்கேயும் சாப்பிட்டுவிட்டு வராதே.

அப்பா: டிக்கெட் பார்த்தேன். ஞாயிறு கும்பகோணத்திலிருந்து ஈரோடு இடம் இருக்கிறது. யாழினிக்கும் சேர்த்துப் போடட்டுமா, அவள் அணியோடு திரும்பிவிடுவாளா?

யாழினி: கேட்டுவிட்டேன் அப்பா. நீங்கள் கையெழுத்துப் போட்ட கடிதம் கொடுத்தால் உங்களோடு வரலாமாம். நாளை காலை பத்து மணிக்குள் வேண்டும். முதல் ஆட்டம் எட்டு மணிக்கு, நீலச் சட்டை, 4-ஆம் எண். சித்தி, இட்லிக்குப் பயிற்சியாளர் சரி என்றார், சட்னி மட்டும் காரம் குறைவாக.

அப்பா: மூன்று டிக்கெட் போட்டுவிட்டேன். கடிதத்தை இப்போதே எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.