வேலைக்கு வரையறேன், எனக்குன்னு வரைய உட்கார்ந்தா கை போகமாட்டேங்குது

பள்ளத்தூர்ப் பொண்ணு:

வணக்கம். படம் வரையறது, டிசைன் பண்றதுன்னு அதே தொழில்ல இருக்கறவங்க இங்க நிறையப் பேர் இருக்கீங்க. அதனாலதான் இங்க கேக்கறேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

நான் கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில படிச்சவ. இப்ப காரைக்குடியில வீட்டுல இருந்தே வேலை பாக்கறேன். பலகாரக் கடைக்குப் பாக்கெட் டிசைன், பழைய வீட்டை ஓட்டலா மாத்துனவங்களுக்குச் சுவர்ல மாட்டற படம், மெனு கார்டு, அறுபதாங்கல்யாணம் எண்பதாங்கல்யாணத்துக்குப் பத்திரிகை. வேலைக்குப் பஞ்சமில்லை. தங்கச்சியைப் படிக்க வச்சதும் இந்தக் காசுலதான். அதனால வேலையைக் குறை சொல்ல வரலை.

ஆர்டர் யார் கொடுத்தாலும் கேக்கறது ஒண்ணுதான். செட்டிநாட்டு வீட்டு முற்றத்தைச் சுத்தி நிக்கிற வளவுத் தூண் வேணும், தரையில ஆத்தங்குடி டைல்ஸ் வேணும், கண்டாங்கி கட்டுன ஆச்சி ஒருத்தங்க, பக்கத்துல பித்தளை அண்டா. தேன்குழல் பாக்கெட்டுக்கும் அந்தத் தூண்தான், எண்பதாங்கல்யாணப் பத்திரிகைக்கும் அந்தத் தூண்தான். டேப்லெட்ல வரைஞ்சு அனுப்புனா வாட்ஸ்அப்புல கரெக்ஷன் வரும். தூணை இடதுபக்கம் தள்ளுங்க, ஆச்சி முகத்துல சிரிப்பு பத்தலை, மரக்கலரை இன்னும் கொஞ்சம் செவப்பாக்குங்க. செஞ்சு குடுப்பேன். அதுல எனக்குக் கோபமெல்லாம் கிடையாது. காசு குடுக்கறவங்க கேக்கத்தான் செய்வாங்க.

எனக்குன்னு நான் வரைஞ்சது ஊருணிங்க. படிக்கிறப்பவே லீவுக்கு ஊருக்கு வந்தா நிப்பும் இந்தியன் இங்க்கும் எடுத்துக்கிட்டு சைக்கிள்ல கெளம்பிடுவேன். நம்ம பக்கத்துல குடிக்கிற ஊருணி தனி, குளிக்கிற ஊருணி தனின்னு வச்சிருந்த ஊருங்க எத்தனை. செம்புராங்கல் படித்துறை, தண்ணி எறங்க எறங்கக் கல்லுல விழுந்துகிடக்கற கோடு, மழைத்தண்ணி உள்ள வர்ற வாய்க்கால் வாய். ஒரு ஊருணி மாதிரி இன்னொண்ணு இருக்காது. தாராசுரம் கோயில்ல வகுப்போட உட்கார்ந்து சிற்பம் சிற்பமா வரைஞ்சப்பகூட என் மனசு இந்தப் படித்துறையிலதான் கெடந்துச்சு.

இப்ப வரையமுடியலை. ஊருணிக்குப் போறேன், உட்கார்றேன், ரெண்டு கோடு போடறேன். மூணாவது கோடு போறதுக்குள்ள 'இந்த மூலையில இடம் விடணும், எழுத்து வரும்'னு தோணுது. எந்த எழுத்து? யாருக்கு? யாரும் கேக்காத படத்துக்கு நானே கரெக்ஷன் சொல்லிக்கிட்டிருக்கேன். போன மாசம் முனீஸ்வரன் கோவில் தெருவுல ஒரு கடையில மரப்பெட்டி ஒண்ணு பாத்தேன். மூடியில எண்ணெய்க் கறை ஏறி, ஒரு கீல் மட்டும் புதுசு. முன்னாடின்னா கடைக்காரர்கிட்ட கேட்டுக்கிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பேன். இப்ப 'பேக்கிங்குக்கு நல்லா வரும்'னு போன்ல ஒரு படம் எடுத்துக்கிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைப் பாத்தப்ப எனக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு.

நேரம் இல்லைன்னும் சொல்லமுடியாது. பொங்கலை ஒட்டி ஆர்டரே இல்லாம இருந்தப்பவும் ஒண்ணும் நடக்கலை. எங்க அப்பா சுண்ணாம்புப் பூச்சு வேலை பாத்த கொத்தனார். பெரிய வீடுகள்ல முட்டை வெள்ளைக்கரு கலந்து, கண்ணாடி மாதிரி மழமழன்னு சுவர் இழைச்சவரு. பகல் முழுக்க அந்த வேலை. வீட்டுக்கு வந்ததும் மிச்ச சுண்ணாம்புல எங்க திண்ணைச் சுவர்ல கிளி, யானைன்னு ஏதாவது பண்ணிக்கிட்டிருப்பாரு. அவருக்கு அலுக்கலையே, எனக்கு மட்டும் ஏன்?

உங்களுக்கு இப்படி வந்திருக்கா? வந்தவங்க எப்படி வெளிய வந்தீங்க? 'ஆர்வத்தை விட்டுடாதீங்க'ன்னு மட்டும் சொல்லாதீங்க. ஆர்வம் எங்க போச்சுன்னுதான் தேடிக்கிட்டிருக்கேன்.

சுவர் எழுத்து, தேவகோட்டை:

தாயி, எனக்கு அறுபது நெருங்குது. கட்சிச் சுவர், கடை போர்டு, சினிமா பேனர் எல்லாம் எழுதுனவன். துணியில கட்டம் போட்டு, சின்னப் படத்தைப் பாத்து முகத்தைப் பெருசாக்கறதுல நம்ம ஏரியாவுல எனக்கு நல்ல பேரு இருந்துச்சு.

பிளக்ஸ் வந்துச்சு, வேலை போச்சு. அப்பதான் நெனச்சேன், சரி, இனிமேலாவது நமக்குப் பிடிச்சதை வரைவோம்னு. நேரம் மலையாக் கெடந்துச்சு. ஒண்ணுமே வரையலை. நீ பொங்கல் சமயத்துல ஒண்ணும் நடக்கலைன்னு சொன்ன பாரு, அதைப் படிச்சதும் எனக்கு அந்த நாளெல்லாம் ஞாபகம் வந்துருச்சு. நேரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை தாயி.

பெறகு எங்க ஊர் அய்யனாருக்குப் புரவி எடுப்பு வந்துச்சு, மண்குதிரை செஞ்சு கோயிலுக்குத் தூக்கிட்டுப் போற திருவிழா. மண்பாண்டம் செய்யற வேளார் குதிரையெல்லாம் செஞ்சு, சூளையில வேகவச்சு எடுத்துட்டாரு. வர்ணம் பூச வர்றதாச் சொன்ன ஆளுக்கு ஒடம்பு சரியில்லை. என்னைக் கூப்பிட்டாங்க. கூலி பேசலை, பேசவும் தோணலை. குதிரைக்குக் கண்ணு வைக்கிறப்ப ஊர்ப்பிள்ளைங்க சுத்தி நிக்கிதுங்க. இப்படி வை, அப்படி வைன்னு யாரும் சொல்லலை. நான் பாட்டுக்குச் சேணத்துல மயில் போட்டேன், கொடி போட்டேன். அந்தக் குதிரைங்க கோயில்ல வெயில்லயும் மழையிலயும் நின்னு வர்ணம் போயிடும். அடுத்த எடுப்புக்குப் புதுக்குதிரை வந்துரும். அது தெரிஞ்சும் ராத்திரி பகலா உட்கார்ந்து பூசுனேன்.

நான் சொல்றது என்னன்னா, 'எனக்குன்னு வரையணும்'னு உட்காராதே. அது எனக்குச் சரிப்படலை. வெலை பேசாத ஒருத்தருக்கு வரை. சாமியோ மனுசனோ, யாரா இருந்தாலும் சரி.

கோட்டையூர், இப்ப சென்னையில:

அக்கா, நான் விளம்பரக் கம்பெனியில வேலை பாக்கறேன். உங்க பிரச்சினை எனக்கும் இருந்துச்சு, பாதி இப்பவும் இருக்கு.

எனக்குத் தெம்பு குடுத்தது சோழமண்டலம். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் ஈஞ்சம்பாக்கத்துல அந்த ஓவியர் கிராமத்தைத் தொடங்குனப்ப, ஓவியத்தை மட்டும் வித்து யாரும் சாப்பிடற நெலமை மெட்ராஸ்ல இல்லை. அதனால அங்க இருந்த ஓவியருங்க மெழுகு பூசிச் சாயம் ஏத்தற பாடிக் துணியும் மத்த கைவினைப் பொருளும் செஞ்சு வித்தாங்க. அந்த வருமானம் சோறு போட்டுச்சு, ஓவியத்தை வாங்கறவங்களுக்காக வளைக்கவேண்டிய அவசியம் வரலை. சம்பாதிக்கிற கைக்கு மெழுகும் சாயமும், ஓவியத்துக்குத் தூரிகையும் கேன்வாசும். ஓவியர் ஆதிமூலமும் நெசவாளர் சேவை மையத்துல வேலை பாத்தவர்தான். வேலை துணியோட இருந்துச்சு, அவர் காந்தியைக் கறுப்பு மசியில கோடு கோடா வரைஞ்சாரு.

உங்க விஷயத்துல ரெண்டும் ஒரே எடத்துல மாட்டிக்கிச்சுன்னு நெனைக்கிறேன். வேலையும் செட்டிநாடு, உங்க சொந்தப் படமும் செட்டிநாடு. நான் பண்ணுனது, வேலைக்குத் தொடற எதையும் வீட்டுல தொடறதில்லை. டேப்லெட் ஆபீஸோட சரி. வீட்டுல மரக்கட்டை செதுக்கி அச்சு எடுக்கறேன். வெட்டுன மரத்தைத் திரும்ப ஒட்டமுடியாது, அன்டூ கிடையாது. முடிஞ்சா நீங்களும் வேற பாடத்தை எடுத்துப் பாருங்க. கொஞ்ச காலத்துக்கு நம்ம ஊரே வேண்டாம். இன்னொண்ணு, வரைஞ்சதை எங்கயும் போடாதீங்க. ரீல்ஸ்ல போட்டா அதுவும் ஒரு கஸ்டமர்தான்.

சேலை டிசைன், காரைக்குடி:

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

வேலைப் படம் வேற, சொந்தப் படம் வேறன்னு கோடு கிழிக்கறதுல எனக்கு நம்பிக்கை இல்லை. ஓவியர் சில்பி ஆனந்த விகடன் பத்திரிகைக்காகக் கோயில் கோயிலாப் போய், அங்கேயே உட்கார்ந்து வரைஞ்சாரு. அது சம்பளத்துக்குச் செஞ்ச வேலை. அந்தக் கோடுகளைப் பாத்து அதுல அவர் மனசு இல்லைன்னு யாராவது சொல்லமுடியுமா?

நீங்க எழுதினதுல எனக்குக் கண்ணுல பட்டது கரெக்ஷன்தான். எத்தனை தடவை மாத்தித் தர்றீங்க? அட்வான்ஸ் வாங்கறப்பவே ரெண்டு கரெக்ஷன் வரைக்கும் இந்த ரேட், அதுக்கு மேல தனின்னு எழுத்துல குடுங்க. நான் அப்படிப் பண்ணுன பெறகு, கேக்கறவங்களே யோசிச்சுக் கேக்க ஆரம்பிச்சாங்க. கை அடுத்தவங்க சொல்லுக்கே பழகிப்போனா சொந்தக் கோடு தடுமாறத்தான் செய்யும். முதல்ல வேலையை ஒழுங்குபடுத்துங்க. ஓட்டல்காரங்ககிட்ட நீங்களே ஒரு ஊருணிப் படத்தைக் காட்டிப் பாருங்களேன். எல்லாரும் தூண்தான் கேப்பாங்கன்னு ஏன் நாமளே முடிவு பண்ணணும்?

ஆத்தங்குடிப் பட்டறை:

அக்கா, நான் படிச்சு வந்தவன் இல்லை. டைல்ஸ் போடறவன். நீங்க எல்லாப் படத்துலயும் வரையறீங்களே, அந்தக் கல்லு எங்க பட்டறைங்கள்ல இருந்து போறதுதான்.

எங்க வேலையும் ஒரே பூவுதான். கண்ணாடி மேல சட்டத்தை வச்சு, தகட்டு அச்சை எறக்கி, கலர் கலந்த வெள்ளைச் சிமெண்டை அந்தந்தக் கட்டத்துல ஊத்தணும். அச்சை எடுத்துட்டு மேல காஞ்ச கலவையைத் தூவி, அதுக்கு மேல ஈரக்கலவை போட்டு மட்டம் பண்ணணும். தண்ணியில ஊறவச்சு, காயவச்சு, கண்ணாடி கழண்டாத்தான் மொகம் முழுசாத் தெரியும். அது வரைக்கும் நாங்க முதுகுப் பக்கத்துல இருந்துதான் வேலை பாக்கறோம்.

சாயங்காலம் கலர் மிச்சம் இருந்தா நான் அச்சு இல்லாம ஒண்ணு ரெண்டு கல்லு கையால ஊத்துவேன். அதைத் தூக்கி வச்சா கலைஞ்சு போகும், அழிச்சாச் சேறாயிடும். ஊத்துனது ஊத்துனதுதான். உங்க அப்பா மிச்ச சுண்ணாம்புல கிளி பண்ணுனாருன்னு சொன்னீங்களே, அது எனக்கு நல்லாப் புரியுது. அன்னிக்குச் சுண்ணாம்பு மிச்சம் இல்லைன்னா அவர் பண்ணியிருக்கமாட்டாரு. சும்மா கெடக்கறது கெட்டுப்போகறதுக்குள்ள ஏதாவது பண்ணணும்னு கை பரபரக்கும். டேப்லெட்ல மிச்சம்னு எதுவும் கெடையாதே அக்கா. ஒரு தடவை பட்டறைக்கு வந்து ஊத்திப் பாருங்க.

பள்ளத்தூர்ப் பொண்ணு:

எல்லாருக்கும் நன்றி. எழுதினதை எல்லாம் திரும்பத் திரும்பப் படிச்சேன்.

தேவகோட்டை ஐயா, 'வெலை பேசாத ஒருத்தருக்கு வரை'ன்னீங்களே, அங்க நின்னுட்டேன். எங்க பக்கத்து வீட்டு ஆச்சி கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து ஊருணித் தண்ணிதான் தூக்குனவங்க. இப்ப வாசப்படி தாண்ட முடியறதில்லை. அந்த ஊருணியை வரைஞ்சு அவங்ககிட்ட காட்டப்போறேன். 'இங்க வேப்பமரம் நின்னுச்சே, எங்க காணோம்'னு கண்டிப்பாக் கேப்பாங்க. அந்தக் கரெக்ஷன் எனக்கு வேணும். அது தூணைத் தள்ளச் சொல்ற மாதிரி இல்லை, எனக்குத் தெரியாத ஊருணியை எனக்குச் சொல்றது.

கோட்டையூர்த் தம்பி, சோழமண்டலம் பத்திச் சொன்னது யோசிக்க வச்சுது. ஆனா பாடத்தை மாத்தமாட்டேன். ஊருணி என்கிட்ட யாரும் ஆர்டர் குடுத்து வந்ததில்லை, அதை விட்டுக்குடுக்க மனசு வரலை. டேப்லெட்டை வேலையோட நிறுத்திக்கறேன். நிப்பைத் தேடி எடுத்தேன், துருப்பிடிச்சுக் கெடக்கு, புதுசு வாங்கணும்.

சேலை டிசைன் அக்கா, ரேட் விஷயம் நூத்துக்கு நூறு சரி. அடுத்த ஆர்டர்ல இருந்து எழுத்துல குடுக்கறேன். ஓட்டலுக்கு ஊருணிப் படத்தைக் காட்டறது மட்டும் இப்ப வேண்டாம். காட்டுனா அன்னிக்கே மூலையில எழுத்துக்கு இடம் விட ஆரம்பிச்சுடுவேன்.

ஆத்தங்குடித் தம்பி, உங்க பட்டறைக்கு எப்ப வரலாம்? நான் ஏதாவது கொண்டுவரணுமா?

ஆத்தங்குடிப் பட்டறை:

ஒண்ணும் வேண்டாம் அக்கா. ஞாயித்துக்கிழமை லீவு, மத்த நாள்ல நாலு மணிக்கு மேல வாங்க, அப்பத்தான் மிச்சக் கலர் இருக்கும். பச்சை சீக்கிரம் தீந்துடும், வேணும்னா முன்னாடியே சொல்லிடுங்க, எடுத்து வைக்கறேன். பழைய துணி கட்டிக்கிட்டு வாங்க, சிமெண்டுக் கறை போகாது.