பொங்கல் விழாவுல ‘வீக்கஸ்ட் லிங்க்’ ஆட்டம் போட்டு தெருவே ரெண்டாப் போச்சு. தப்பு ஆட்டத்து மேலயா, என் மேலயா?

பொன்மேனி பொடியன்:
நடந்ததச் சொல்லிர்றேன், அப்புறமா திட்டுங்க. எங்க தெருவுல வருசா வருசம் மாட்டுப் பொங்கல் சாயங்காலம் உறியடி, மியூசிக்கல் சேர், கோலப்போட்டிதான். அலுத்துப்போச்சுன்னு இந்த வருசம் பிபிசியில 2000-ல ஆரம்பிச்ச ‘தி வீக்கஸ்ட் லிங்க்’ ஆட்டத்தை நான்தான் எடுத்து விட்டேன்.

பாக்காதவங்களுக்கு: எட்டு, ஒம்பது பேர் வரிசையா நிப்பாங்க. ஒவ்வொருத்தரும் கேள்விக்குச் சரியாச் சொல்லச் சொல்ல சங்கிலி மாதிரி பணம் ஏறும். ஒருத்தர் தப்பு விட்டா, ‘பேங்க்’னு சொல்லிச் சேத்து வைக்காத காசு பூராம் அம்பேல். ரவுண்டு முடிஞ்சதும் யாரை வெளிய அனுப்பலாம்னு ஆடுறவங்களே பேரெழுதிக் காட்டணும். அப்ப அத நடத்துன ஆன் ராபின்சன்னு கறுப்பு டிரெஸ் போட்ட அம்மா, ‘நீங்கதான் பலவீனமான கண்ணி, குட்பை’னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லி அனுப்பும். அதுதான் ஷோவோட கெத்தே.

முதல் ரவுண்டு ஒரே சிரிப்பு. ரெண்டாவதுல ஒரு மதினி தன் நாத்தனா பேரை எழுதிக் காட்டிருச்சு. அதைப் பாத்து இன்னும் மூணு பேர் அதே பேரு. நானும் கிறுக்குப்பய மாதிரி மைக்குல அந்த டயலாக்கை இழுத்துச் சொன்னேன். அந்தக்கா ஒண்ணும் பேசல, பிள்ளையத் தூக்கிட்டு நேரா வீட்டுக்குப் போயிருச்சு. மறுநா அழகர்கோயிலுக்குப் பேசி வச்ச வேன் கிளம்பவே இல்ல. இப்ப ஆகஸ்ட் 15-க்கு என்னயத்தான் மறுபடி நடத்தச் சொல்றாய்ங்க. எந்த ஆட்டத்தப் போடுறது?

கேபிள் பாண்டி:
ஏப்பா பொடியா, இத ஸ்டார் பிளஸ்காரனே செஞ்சு கையச் சுட்டுக்கிட்டான், உனக்கு என்னத்துக்கு? ‘கம்சோர் கடி கோன்’னு 2001-ல நீனா குப்தாவ வச்சுப் போட்டாய்ங்க. அந்தம்மா நல்ல நடிகை. ஆனா அதட்டி அனுப்புறதப் பாக்க நம்ம சனத்துக்கு மனசு வரல. ரொம்ப நாள் ஓடல. அப்ப நான் மதுரை செல்லூர்ல கேபிள் இழுத்துக்கிட்டிருந்தேன். அந்த நேரத்துல பொட்டி ஆடுச்சுன்னு ஒரு கம்ப்ளைண்ட் கூட வரல. ஒருத்தன் பாத்தாத்தான வரும்?

நரிமேடு டு லீட்ஸ்:
பாண்டிண்ணே, ஷோ ஓடாததுக்கு நூறு காரணம் இருக்கும். ‘நம்ம பண்பாட்டுக்கு ஒத்துவராது’ங்கிறது அதுல ரொம்பச் சோம்பேறித்தனமான காரணம்.

நான் சொல்றது நேர் எதிர். வெளிநாட்டு ஷோ ஜெயிக்கிறதே மாத்தாம போட்டாத்தான். நம்ம கோடீஸ்வரன் ஆட்டத்துக்கு மூலமான ‘ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்’ 1998 செப்டம்பர்ல இங்கிலாந்து ஐடிவியில ஆரம்பிச்சது. அதே வட்ட செட்டு, கேள்வி ஏற ஏற இருட்டாகுற அதே லைட்டு, இதயத்துடிப்பு மாதிரி அதே மியூசிக், அதே லைஃப்லைன். நூறு நாட்டுக்கு மேல போயிருக்கு. உரிமை வாங்குறவனுக்கு ஒரு தடிமனான கையேடு குடுக்குறாய்ங்க, அதுக்குப் பேரே ‘பைபிள்’. கேமரா எங்க நிக்கணும்கிறது வரைக்கும் அதுல இருக்கும்.

பொடியன் பண்ண தப்பு ஒண்ணுதான். அந்த ஷோவுல ஒருத்தருக்கொருத்தர் முன்னப்பின்ன தெரியாதவங்கதான் நிப்பாங்க. மதினியையும் நாத்தனாவையும் ஒரே வரிசையில நிப்பாட்டுன்னு எந்த பைபிள்ல இருக்கு?

தல்லாகுளம் டீச்சர்:
தம்பி லீட்ஸ், மாத்தவே இல்லை என்கிறீர்களே, பெயரிலேயே மாற்றிவிட்டார்களே. இத்தாலியில் அந்த நிகழ்ச்சி 2000-இல் தொடங்கியபோது ‘மில்லியார்தாரியோ’, அதாவது நூறு கோடிக்காரர் ஆக யாருக்கு ஆசை என்று பெயர். அங்கே லிரா நாணயம், ஒரு மில்லியன் லிராவுக்கு மதிப்பே இல்லை. யூரோ வந்ததும் நூறு கோடிக்காரர் இறங்கி வெறும் ‘மிலியோனாரியோ’ ஆகிவிட்டார்! துருக்கியில் இன்னும் வேடிக்கை. முதலில் ‘500 பில்லியன் யாருக்கு வேண்டும்’ என்று பெயர். 2005-இல் அரசாங்கம் நாணயத்தில் ஆறு சுழியங்களை வெட்டியதும் ‘500 ஆயிரம் யாருக்கு வேண்டும்’ என்று ஆயிற்று. நமக்குப் பத்து லட்சக்காரன் என்றால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அதனால் கோடீஸ்வரன். ஜப்பானில் உச்சப் பரிசு பத்து மில்லியன் யென். நம் கணக்கில் அதுவும் ஒரு கோடிதான் என்று என் பேத்தி கண்டுபிடித்துச் சொன்னாள்.

எவ்வளவு பணத்தைப் பார்த்தால் ஒரு ஊருக்கு மூச்சு நிற்கும் என்பதை அந்தந்த ஊர்தான் சொல்ல வேண்டும். அதைக் கையேட்டில் எழுத முடியாது.

நரிமேடு டு லீட்ஸ்:
டீச்சர், அது விலைச்சீட்டு. சட்டை அதேதான.

கேபிள் பாண்டி:
சட்டையும் வேறப்பா. யூடியூப்ல இங்கிலாந்து மில்லியனர கிறிஸ் டாரன்ட் நடத்துனதப் பாத்துட்டு வா. செக்கை எழுதி ஆள் கையில குடுப்பாரு, ‘ஆனா இத உங்களுக்குக் குடுக்க எங்களுக்கு இஷ்டமில்ல’ம்பாரு, வெடுக்குனு திரும்பப் புடுங்கிக்குவாரு. அது அந்த ஊரு நக்கல்.

2000 ஜூலை 3-ல ‘கோன் பனேகா குரோர்பதி’ வந்துச்சு. இந்தி தெரியாத செல்லூர்லயே ராத்திரி ஒம்பது மணிக்குத் தெரு காலி. அமிதாப் பச்சன் அந்த நக்கல் பண்ணாரா? வந்தவன் கையப் புடிச்சு உக்கார வச்சாரு. பயந்தவனுக்குத் தண்ணி குடுத்தாரு. அவன் அப்பா ஆத்தா கதையக் கேட்டாரு. அங்கிட்டுப் போட்டியாளனும் நடத்துறவனும் எதிராளி. இங்கிட்டுப் பெரியப்பா வீட்டுல சாப்பிட உக்காந்த மாதிரி. கேள்வி பதினஞ்சும் அதே கேள்விமுறைதான், ஆனா ஆட்டம் வேற ஆட்டம்.

தமிழ்லயும் பாரு. சன் டிவியில சரத்குமார் கோடீஸ்வரன் நடத்துனாரு. 2012-ல விஜய் டிவியில ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ன்னு சூர்யா. அப்புறம் பிரகாஷ்ராஜ், அரவிந்த் சாமி. செட்டு ஒண்ணு, ஆள் நாலு, நாலு விதமா இருந்துச்சா இல்லையா? எனக்குக் கேட்டா பிரகாஷ்ராஜ்தான் டாப்பு. சண்டைக்கு வராதீங்க.

மேலூர் செல்வி:
ராதிகாவ விட்டுட்டீங்களேண்ணே! கலர்ஸ் தமிழ்ல 2019 டிசம்பர்ல ‘கோடீஸ்வரி’. பொம்பளைங்க மட்டும்தான் ஆடலாம்னு போட்டாங்க. லீட்ஸ் அண்ணன் சொல்ற பைபிள்ல அது முதல் பக்கத்துலயா இருந்துச்சு?

அதுல 2020 ஜனவரியில ஒரு கோடி ஜெயிச்சது நம்ம மதுரைக்காரங்க. காது கேக்காது, வாய் பேச வராது. எங்க வீட்டுல அன்னைக்கு ராத்திரி வெஞ்சனம் அடுப்புல கருகுனது கூடத் தெரியாம உக்காந்திருந்தோம். எங்கம்மா டிவியத் தொட்டுக் கும்பிட்டுச்சு. அந்தக் கேள்வி நாலு பதிலோட எழுத்துல திரையில நிக்கிற ஆட்டம்கிறதால சாத்தியமாச்சு. அது இங்கிலாந்துக்காரன் செஞ்சது. ஆனா அந்த நாற்காலியில அவங்க போய் உக்காந்ததுக்குக் காரணம், இது பொம்பளைங்களுக்கான மேடைன்னு இங்க உள்ளவங்க வச்ச விதி. ரெண்டும் வேணும்ல?

கோர்ட் வாசல்:
ஜெயித்தவர் கைக்கு முழுக் கோடி வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வருமான வரிச் சட்டப்படி இந்தப் பரிசுக்கு 30 சதவீதம் வரி, அதன் மேல் செஸ், சர்சார்ஜ். நாட்டுக்கு நாடு மாறுவதில் இதுவும் ஒன்று, பிரிட்டனில் பரிசுப் பணத்துக்கு வரி இல்லை.

இன்னொன்று. ‘பைபிள்’ என்று ஆளாளுக்குச் சாமி கும்பிடுகிறீர்கள். சட்டத்தில் அதன் நிலை என்ன தெரியுமா? பிரிட்டனில் ஹியூயி கிரீன் என்பவர் ‘ஆப்பர்ச்சூனிட்டி நாக்ஸ்’ என்று ஒரு திறமைப் போட்டி நடத்திவந்தார். அதே பெயரில் அதே பாணியில் நியூசிலாந்து ஒளிபரப்புக் கழகம் ஒன்றைப் போட்டது. வழக்குப் போட்டார். 1989-இல், அன்று நியூசிலாந்து வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய்த் தோற்றார். ஒரு நிகழ்ச்சியின் பொதுவான வடிவத்துக்கு, அதில் திரும்பத் திரும்ப வரும் அம்சங்களுக்கு, பதிப்புரிமை (காப்பிரைட்) கிடையாது என்று தீர்ப்பு. ஆக, பொடியன் தெருவில் நடத்தியதற்கு பிபிசி நோட்டீஸ் அனுப்பாது. நாத்தனார் அனுப்பாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

மேலூர் செல்வி:
அப்ப காப்பி அடிச்சுட்டுப் போக வேண்டியதுதான? எதுக்குக் கோடி கோடியாக் கொட்டி உரிமை வாங்குறாங்க?

நரிமேடு டு லீட்ஸ்:
இதத்தான் நானும் முதல்ல இருந்து சொல்றேன் செல்வி. காசு குடுக்குறது ஐடியாவுக்கு இல்ல. ஏற்கெனவே நாலு ஊர்ல கருகுன தோசைக்கு. எந்த இடத்துல கூட்டம் சேனல் மாத்துச்சு, லைஃப்லைன் எத்தனை இருந்தா தாங்கும், பரிசு ஏணி எங்க செங்குத்தா ஏறணும், இதெல்லாம் பட்டுத் தெரிஞ்சவன்கிட்ட வாங்குறோம். கூடவே ஒரு ஆளை அனுப்பி செட்டுல நிக்க வைப்பாங்க. ஓசியில சுடுறவனுக்குச் சட்டி கிடைக்கும், சூடு தெரியாது.

தல்லாகுளம் டீச்சர்:
அப்படியானால் உரிமை, கையேடு, செட்டு எதுவும் இல்லாமல் கடல் தாண்டி வந்த ஒன்றைச் சொல்கிறேன். பாட்டுக்குப் பாட்டு. இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீத் நடத்தியது. பின்னால் சன் டிவிக்கு வந்து, அவரே நடத்தினார். எழுத்தைக் கொடுப்பார், அந்த எழுத்தில் பாட்டின் பல்லவி தொடங்க வேண்டும். ஒரு நாட்டு நிகழ்ச்சி இன்னொரு நாட்டுக்கு வந்தது என்று நமக்குத் தோன்றியதே இல்லை. அவர் உச்சரிப்பைக் கேட்கவே என் வகுப்புப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்வேன். மொழி ஒன்றாக இருந்தால் ஆட்டத்துக்குப் பாஸ்போர்ட் வேண்டாம்.

விஜய் டிவியில் ஜேம்ஸ் வசந்தன் நடத்திய ‘ஒரு வார்த்தை ஒரு லட்சம்’ இருந்ததே, அதை இந்தியில் போட வேண்டுமானால் கேள்வி அட்டை அத்தனையும் கிழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். ஒரே சொல்லைக் குறிப்பாகச் சொல்லி இன்னொரு சொல்லை வரவழைப்பது. ‘மல்லி’ என்று ஒருவர் சொன்னால் மதுரைக்காரர் பூ என்பார். வேறு ஊர்க்காரர் கொத்தமல்லி என்பார். இதற்கு எந்தக் கையேடு?

கேபிள் பாண்டி:
டீச்சர் அடிச்சாங்க பாரு சிக்சர்.

போக்கு ஒருவழி மட்டும் இல்லப்பா. ‘குக்கு வித் கோமாளி’ இங்க பொறந்து, கன்னடத்துல ‘குக்கு வித் கிரிக்கு’ன்னு போச்சு. அங்க நம்ம கோமாளிகள அனுப்பல, அவய்ங்க ஊருக் கோமாளிகள வச்சாய்ங்க. சமையல் விதிய ஏத்துமதி பண்ணலாம். புகழையும் பாலாவையும் பண்ண முடியாது.

நரிமேடு டு லீட்ஸ்:
சரி, ஆள் மாறணும், பணம் மாறணும், மொழி மாறணும், ஒத்துக்கிறேன். நான் காவல் நிக்கிறது முதுகெலும்புக்கு. வெளியேத்துறது கொடுமையா இருக்குன்னு வீக்கஸ்ட் லிங்க்ல வெளியேத்துறதயே எடுத்துட்டா, அது பொது அறிவுப் போட்டி. எல்லாருக்கும் டிபன் பாக்ஸ் குடுத்து அனுப்ப வேண்டியதுதான்.

அப்புறம் கூட்டத்த நம்பி ஆட்டம் போடாத பொடியா. பிரான்ஸ் மில்லியனர்ல ஒருத்தர் ‘பூமியச் சுத்துறது எது’ங்கிற கேள்விக்கு ஆடியன்ஸ்கிட்டக் கேட்டாரு. பாதிக்கு மேல சூரியன்னு பட்டன அமுக்குனாங்க. அவரும் அதையே சொல்லித் தோத்தாரு. தெரியாமச் சொன்னாங்களா, வேணும்னே கவுத்தாங்களான்னு இன்னைக்கும் நெட்ல சண்டை. உங்க தெருவுல எதுன்னு சண்டையே வராது, எல்லாருக்கும் தெரியும்.

பொன்மேனி பொடியன்:
கேலி போதும்ணே. ஆகஸ்ட் 15-க்கு என்ன போடுறது, அதச் சொல்லுங்க.

மேலூர் செல்வி:
டீலா நோ டீலா போடு. சன் டிவியில ரிஷி நடத்துனது. பெட்டிக்குள்ள காசு, அதத் திறக்காமலே விலைக்குக் கேட்டு ‘பேங்கர்’ போன்ல பேரம். பதில் தெரியணும்னு அவசியமில்ல, எங்க அப்பத்தா கூட ஆடலாம். தோத்தா பெட்டி மேல பழி, பக்கத்து வீட்டு மேல இல்ல.

நரிமேடு டு லீட்ஸ்:
அது நெதர்லாந்துச் சரக்கு. அதுலயே ஊருக்கு ஊரு எவ்வளவு வித்தியாசம் பாருங்க (இது டீச்சருக்கு நான் விட்டுக்குடுக்குற பாயிண்ட்டு). அமெரிக்காவுல 26 சூட்கேஸ், மாடலிங் பொண்ணுங்க படிக்கட்டுல தூக்கிட்டு நிப்பாங்க. இங்க இங்கிலாந்துல சேனல் 4-ல 2005-ல வந்தப்ப 22 சிவப்புப் பெட்டி, அட்டப்பெட்டி கணக்கா. அதைத் தூக்கிட்டு நின்னதே மத்த போட்டியாளர்கள்தான். ஒருத்தருக்காக ஒருத்தர் அழுவாங்க. இத்தாலியில நாட்டுல உள்ள 20 மாநிலத்துக்கும் ஆளுக்கொரு பெட்டி. சிசிலிக்காரர் பெட்டியத் திறந்து பெரிய தொகை போச்சுன்னா மாநிலத்துக்கே வருத்தம்.

கேபிள் பாண்டி:
இத்தாலிதான் நமக்குச் சரி. சந்துக்கு ஒரு பெட்டி. பிள்ளையார் கோயில் சந்துப் பெட்டியில ஒரு ரூவா, ரேஷன் கடை சந்துப் பெட்டியில குக்கரு.

கோர்ட் வாசல்:
பெட்டியில் ரொக்கம் வேண்டாம். ஆடுவதற்கு நுழைவுக் கட்டணம் வாங்கி, அதிர்ஷ்டத்துக்குக் காசு கொடுத்தால் அதை லாட்டரி என்று யாராவது கிளப்புவார்கள். தமிழ்நாட்டில் லாட்டரி 2003-இலிருந்து கிடையாது. பாத்திரம், சேலை, அரிசிச் சிப்பம் என்று வையுங்கள், டிக்கெட் போடாதீர்கள்.

நரிமேடு டு லீட்ஸ்:
காசு இல்லாம பேங்கர் எதப் பேரம் பேசுவாரு? ‘குக்கரை விட்டுட்டு ரெண்டு தட்டு வாங்கிக்கிறியா’ன்னா? அது டீலா நோ டீலா இல்ல, மீனாட்சி கோயில் பக்கம் புதுமண்டபத்துல கடை இருந்தப்பப் பாத்திரம் வாங்குன கதை.

தல்லாகுளம் டீச்சர்:
புதுமண்டபத்துப் பேரத்தை விட விறுவிறுப்பான ஆட்டம் எந்த நாட்டில் இருக்கிறது? பேங்கராக யாரை உட்கார வைக்கப் போகிறாய் பொடியா?

பொன்மேனி பொடியன்:
அந்த நாத்தனாக்காவத்தான். நேத்துப் போய்க் கேட்டேன். மொத அரை மணி நேரம் என்னயத் திட்டுச்சு. அப்புறம், ‘அவ ஆடுனா எவ்வளவு கொறச்சுக் கேக்கலாம்’னு கேட்டுச்சு. மதினியும் பேர் குடுத்திருக்கு. பழைய லேண்ட்லைன் போன் ஒண்ணு, ஒரே அளவு அட்டப்பெட்டி பன்னெண்டு வேணும். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில தெரிஞ்சவங்க இருந்தாச் சொல்லுங்க.