நாய் வேலி பாய்ந்தால் ஆளும் பாயலாமா?

சம்பூர் தோட்டக்காரன்:
நேற்று இராத்திரி ஒன்றரை மணி இருக்கும், என் கச்சான் தோட்டத்துக்குள் மூன்று பேர், ஒருவர் கையில் துவக்கு. கேட்டால் நாய் பன்றியைத் துரத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டதாம், பிடிக்க வந்தார்களாம். முட்கம்பியை வெட்டித்தான் வந்திருக்கிறார்கள். நாய்க்கு வேலி தெரியாது, சரி. இவர்களுக்குமா?

கட்டைபறிச்சான் பொடியன்:
கம்பியை வெட்டியது பிழைதான் அண்ணை. ஆனால் மோப்பத்தில் ஓடுகிற நாய் விசிலடித்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாது. விடியட்டும் என்று இருந்தால் பன்றிக்கு இழுத்த கரண்ட் கம்பியில் செத்துக் கிடக்கும், இல்லாவிட்டால் ஹக்கபட்டாஸைக் கடித்து, அதுதான் தீனிக்குள் வைக்கிற வெடி, வாய் கிழிந்து கிடக்கும். என் கறுவல் அப்படித்தான் போனான். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில், காணிக்காரர் வேண்டாம் என்றாலும் வேட்டைக்காரர் தன் நாயை எடுக்க உள்ளே போகலாம் என்று சட்டமே இருக்கிறது.

சம்பூர் தோட்டக்காரன்:
மிச்சத்தையும் வாசியுங்கள் தம்பி. துவக்கோ வில்லம்போ கொண்டு போகக் கூடாது, உள்ளே வேட்டையாடக் கூடாது, வாகனம் என்றால் காணிக்காரரின் அனுமதி வேண்டும், அவர் கேட்டால் தான் யார் என்று சொல்லவும் வேண்டும். நான் பெயர் கேட்டதும் இவர்கள் டோர்ச்சை அணைத்துவிட்டார்கள்.

உப்புவெளிக் காற்று:
நம் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றமுறையான அத்துமீறல் என்றால் நோக்கம் பார்ப்பார்கள்: குற்றம் செய்ய, பயமுறுத்த, அவமதிக்க, தொல்லை கொடுக்க. வெறுங்கையோடு நாயைத் தேடி வந்தவன்மேல் அது லேசில் ஒட்டாது. துவக்கோடு வந்தவன் நீதவானிடம் விளக்கம் சொல்லட்டும். மான், மரைக்குப் போய்விட்டுப் பன்றி என்று சொல்கிறவர்களையும் பார்த்திருக்கிறோமே.

கட்டைபறிச்சான் பொடியன்:
திருகோணமலை டவுனில் இருந்துகொண்டு சட்டம் கதைக்கலாம். இங்கே இரவில் யானை நிற்கும், வெறுங்கையோடு எப்படிப் போவது?

சம்பூர் தோட்டக்காரன்:
படலையில் நின்று ஒரு குரல் கொடுத்தால் நானே லைட்டோடு வருவேனே! துவக்கு மட்டும் வெளியே இருக்கட்டும். கழுத்துப் பட்டியில் ஒரு போன் நம்பர் எழுதக்கூடவா பஞ்சம்? நேற்று வந்த நாய் இன்னும் இங்கேதான் கிடக்கிறது. விசர்நாய் ஊசி போட்டதோ என்னவோ, கிட்டப் போகாமல் சோறு வைத்திருக்கிறேன்.

கட்டைபறிச்சான் பொடியன்:
அண்ணை, அது சிவலையா? இடது காது கிழிந்திருக்கிறதா?

சம்பூர் தோட்டக்காரன்:
ஓம். வரும்போது முட்கம்பி ஒரு சுருளும் கொண்டு வாருங்கள்.